சக்குலன்ட்: உள்ளே சோறு வைத்த செடி

மட்டக்களப்பில் செடி விற்கும் இடங்களில் ‘சக்குலன்ட்’ என்று கேட்டால், உள்ளங்கையளவு சாடியில் தடித்த இலைச் செடி ஒன்றை எடுத்துத் தருவார்கள். சிலர் எல்லாவற்றையும் ‘கக்டஸ்’ என்றுவிடுவார்கள்.

சொல்லின் வேர் லத்தீன். அதில் ‘சூக்குஸ்’ என்றால் சாறு. அதிலிருந்து வந்ததே சாறு நிறைந்தது என்னும் பொருளுள்ள இந்தச் சொல். இது ஒரு குடும்பத்தின் பெயரல்ல. இலையிலோ தண்டிலோ வேரிலோ நீரைச் சேர்த்துவைக்கும் செடிகள் எல்லாவற்றுக்கும் பொது.

தமிழில் ‘சதைப்பற்றுள்ள தாவரம்’ என்று எழுதுகிறோம். சரியான சொல்தான். பேச்சுக்குச் ‘சதைப்பற்றுச் செடி’ போதும். ஆனால் இதைவிட வீட்டுக்கு நெருங்கிய சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: சோறு. கற்றாழை மடலைக் கீறினால் உள்ளே வழுவழுப்பாக இருப்பதை அம்மம்மா சோறு என்றுதான் சொல்லுவா. சோற்றுக்கற்றாழை என்ற பெயரே அதனால்தான். லத்தீன்காரர் சாற்றைப் பார்த்தார்கள். நம்மவர்கள் அந்தச் சாறு தங்கும் சதையைப் பார்த்தார்கள். செடி வளர்ப்பவருக்கு நம்முடைய பார்வையே உதவும் என்பது என் எண்ணம்.

‘கள்ளி’ என்று மொத்தமாகச் சொல்லவும் கூடாது. கக்டஸ் ஏறக்குறைய எல்லாமே சதைப்பற்றுச் செடிதான், சதைப்பற்றுச் செடியெல்லாம் கக்டஸ் அல்ல. சங்கப் பாலைத்திணையில் நிற்கும் நம் பழைய கள்ளி கக்டஸ் அல்ல, அதை ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் ஆபத்து. சப்பாத்துக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த கக்டஸ் இனம். அதில் பால் இல்லை.

கண்ணூறு படாமலிருக்க வாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சோறுதான் அதைத் தாங்குகிறது. போதாததற்கு, கற்றாழை போன்றவை பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன, நீர் அதிகம் வீணாவதில்லை. இது தெரியாமல் என் யன்னலோரச் செடிக்கு நான் தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஐப்பசியில் வாங்கியது, மார்கழிக்குள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. இன்னும் அது மனதில் கிடக்கிறது.

வாவியும் கடலும் சூழ்ந்த ஊர் இது. மாரியில் வீட்டுக்குள் சாடி மண் வாரக்கணக்கில் காயாது. விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் ஊற்றவேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண் சீக்கிரம் காயும். அப்போது நன்றாக ஊற்றி, அடித்துளையால் வடியவிட்டு, மறுபடி காயும்வரை காத்திருங்கள். மண்ணில் பாதி ஆற்று மணலும் கொஞ்சம் சிரட்டைக்கரியும் கலக்கலாம். கடற்கரை மணல் கையருகே கிடந்தாலும் உப்பு இருக்கும், வேண்டாம். கிழக்கு யன்னலின் காலை வெயில் நல்லது. வெளிச்சம் குறைந்தால் தண்டு மெலிந்து நீண்டுபோகும்.

அப்புறம் இலையைத் தொட்டுப் பாருங்கள். சுருங்கியிருந்தால் தாகம். கண்ணாடிபோலத் தெளிந்து கொழகொழத்தால் சோறு குழைந்துவிட்டது, தண்ணீர் மிஞ்சிவிட்டது. உடனே அழுகாத துண்டை வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் வெட்டுவாய் காயவிட்டு, உலர்ந்த மணலில் நட்டுவிடுங்கள்.