கல்லில் வெட்டும் முன் ஒருமுறை கழித்துப் பாருங்கள்

போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. வீட்டுப் பெரியவர் 2020 ஜூனில் காலமானவர். அவருடைய 2025 நினைவு நாளுக்காகச் செய்த கறுப்புக் கிரானைட் கல்லின் படத்தைக் காட்டி, "இங்கிலீஷ் எல்லாம் சரியா இருக்கா சார், ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றார் மகன். கல்லில் 'சிக்ஸ்த் இயர் டெத் ஆனிவர்சரி' என்று இருந்தது. அதன் கீழே 'ஏஜ்டு 72 இயர்ஸ் ஓல்ட்'. எழுத்தெல்லாம் வெட்டி, பொன் நிறம் பூசி முடிந்திருந்தது. அவருடைய அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இருபது வருடத்துக்கு மேலாக மொழிபெயர்ப்பும் மெய்ப்பும் பார்க்கிறேன். இந்தத் தவறு அழைப்பிதழில் வருகிறது, நினைவஞ்சலி விளம்பரத்தில் வருகிறது, விசா கோப்பில்கூட வருகிறது. வெட்டிய பிறகு, அச்சடித்த பிறகு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய முடியும்?

எப்படி ஆறு வந்தது என்று கேட்டேன். மகன் விரல் விட்டு எண்ணினார்: 2020 ஒன்று, 2021 இரண்டு, இப்படி 2025 ஆறு. இந்த எண்ணிக்கைதான் என்னைப் படாதபாடு படுத்துவது. இறந்த நாள் ஆனிவர்சரி ஆகாது. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் இலத்தீன் வேர்கள் ஆண்டையும் திரும்புதலையும் குறிப்பவை. அந்த நாள் ஓராண்டு சுற்றித் திரும்பி வரும்போதுதான் முதல் ஆனிவர்சரி. நம் வீட்டிலும் இதே கணக்குதானே? தலைத்திவசத்தை இறந்த அன்றைக்கா கொடுக்கிறோம்? வருடம் திரும்பிய பிறகுதானே கொடுக்கிறோம்? திவசத்துக்குச் சரியாக எண்ணுகிறவர்கள் கல்லுக்கு மட்டும் ஏன் வேறு கணக்குப் போட வேண்டும்? 2025இலிருந்து 2020ஐக் கழியுங்கள். ஐந்து. 'ஃபிஃப்த் டெத் ஆனிவர்சரி'. ஆனிவர்சரிக்குள்ளேயே ஆண்டு இருப்பதால் நடுவில் 'இயர்' வேண்டாம். வெளிநாட்டு உறவினர்களும் படிப்பார்கள் என்றால் 'ஃபிஃப்த் ஆனிவர்சரி ஆஃப் ஹிஸ் டெத்' என்பது இன்னும் இயல்பாக இருக்கும்.

பிறந்தநாளுக்கும் இதுவேதான். 1964இல் குரோதி வருடத்தில் பிறந்தவருக்கு, அறுபது வருடச் சுற்று முடிந்து 2024இல் மறுபடி குரோதி வந்தது. அப்போது செய்வதுதான் அறுபதாம் கல்யாணம். அதாவது அறுபது நிறைந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது 'சிக்ஸ்டியத் பர்த்டே'. ஆனால் தமிழில் "61 பிறந்தாச்சு" என்று பேசும் பழக்கத்தில், அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்தில் 'சிக்ஸ்டி ஃபர்ஸ்ட் பர்த்டே' என்று போட்டுவிடுகிறார்கள். நடக்கிற வயதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'இன் ஹிஸ் சிக்ஸ்டி ஃபர்ஸ்ட் இயர்' என்று எழுதலாம், தவறில்லை. வயது அப்போதும் 60தான். பாரதியார் 1882 டிசம்பரில் பிறந்து 1921 செப்டம்பரில் மறைந்தார். 39 வயதில் இறந்தார் என்று எத்தனை இடத்தில் படித்திருக்கிறோம்! நிறைந்தது 38, நடந்தது 39. ஆங்கிலத்தில் 'ஏட் தி ஏஜ் ஆஃப் 38' என்பதே சரி.

"அப்புறம் சுதந்திர தினத்துக்கு மட்டும் ஏன் ஒன்று கூடுகிறது?" என்று அந்த மகன் கேட்டார். நல்ல கேள்வி. 15 ஆகஸ்ட் 1947 நமக்கு முதல் சுதந்திர தினம். ஆகவே 2022இல் வந்தது 76ஆவது சுதந்திர தினம், ஆனால் சுதந்திரத்தின் 75ஆவது ஆனிவர்சரி. இரண்டும் சரி, எண்ணப்படும் பொருள் வேறு. இலங்கையில் நிறைந்த ஆண்டைத்தான் எண்ணுகிறார்கள். 1948இல் விடுதலை, 2023இல் 75ஆவது கொண்டாட்டம். எந்தச் சொல்லுக்கு முன்னால் எண்ணைப் போடுகிறோம் என்று பார்த்துவிட்டால் குழப்பம் வராது.

மற்றவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் தினமும் திருத்துகிறேன். திருமண நாளை 'வெட்டிங் டே' என்று போடாதீர்கள், இன்றைக்குத்தான் தாலி கட்டுகிறீர்கள் என்று ஆகிவிடும். 'வெட்டிங் ஆனிவர்சரி' என்று எழுதுங்கள். '25த் வெட்டிங்' என்று நிறுத்தினால் இருபத்தைந்தாவது கல்யாணம் என்று அர்த்தம். தயவுசெய்து வேண்டாம். மறைந்தவர்களுக்கு 'பர்த் ஆனிவர்சரி'. அவர்களுக்கு 'ஹேப்பி பர்த்டே' போடுவதை விட்டுவிடுங்கள். நினைவஞ்சலியில் 'ஹேப்பி' என்ற சொல்லே எங்கும் வரக் கூடாது, இதையும் நான் திருத்தியிருக்கிறேன். வயதுக்கு 'ஏஜ்டு 72' அல்லது '72 இயர்ஸ் ஓல்ட்', இரண்டில் ஒன்று போதும். பிரமாணப் பத்திரத்தில் 'ஏஜ்டு அபௌட் 45 இயர்ஸ்' என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள், அது நீதிமன்றத்தில் எழுதும் முறை.

'பிஃபோர் டூ இயர்ஸ்' என்று எழுதாதீர்கள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி" என்பதை அப்படியே தூக்கி வைத்தது அது. 'டூ இயர்ஸ் அகோ' என்பதுதான் ஆங்கிலம். ஆனால் அந்த 'அகோ' படிக்கிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும் சொல். பேச்சுக்கும் கடிதத்துக்கும் சரி. பத்து வருடம் கழித்தும் படிக்கப்போகிற கல்லிலும், அதிகாரி எப்போது திறப்பார் என்று தெரியாத கோப்பிலும் அது நிற்காது. அங்கே தேதியைப் போடுங்கள்.

அந்தக் கல்லில் ஆறை ஐந்தாக்க வழி இல்லை என்று சிற்பி சொல்லிவிட்டார். புதுக் கல்லுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை வாசகத்தைத் தாளில் எழுதி முதலில் எனக்கு அனுப்பினார்கள். பார்த்துத் தர எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், ஆங்கிலம் தெரிந்த யாரிடமாவது, அந்தப் பத்து நிமிடத்தை உளி வைப்பதற்கு முன் கேளுங்கள்.