அம்மாவின் முழங்கால் எண்ணெயும் ஒரு பூனையின் ஈரலும்

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடியில் இருக்கும் வாசகி ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். அவருடைய பூனைக்கு 13 வயது. முன்பெல்லாம் ஒரே தாவலில் ஃபிரிட்ஜின் மேல் ஏறிப் படுக்குமாம். இப்போது கதிரையில் ஏறுவதற்கே நின்று யோசிக்கிறதாம். "எனக்கு முழங்காலுக்குப் பூசுற எண்ணெயை அதுக்கும் கொஞ்சம் தடவி விடன் பிள்ளை, இங்கிலிஸ் மருந்து மாதிரிப் பக்கவிளைவு ஒண்டும் இல்லை" என்கிறார் அம்மா. மனிதருக்கு இருப்பதுபோல, நாட்டு வைத்தியத்தையும் நவீன வைத்தியத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒருங்கிணைந்த வைத்தியம் பூனைக்கும் சரிவருமா என்பது வாசகியின் கேள்வி.

சரிவரும். ஆனால் எண்ணெயைப் பூச வேண்டாம். இந்த இரண்டு பதிலுக்கும் காரணம் பூனையின் ஈரலில் இருக்கிறது.

முதலில் மூட்டை முடித்துவிடுவோம். 2002இல் வெளியான ஓர் ஆய்வில் வயதான 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள். 12 வயதைத் தாண்டியவற்றில் நூற்றுக்கு 90இல் மூட்டுத் தேய்வு தெரிந்தது. பூனை நொண்டிக் காட்டாது, முனகாது. தாவுவதைக் குறைக்கும், முதுகை நக்கிச் சுத்தம் செய்வதை விடும். ஆகவே வாசகியின் பூனைக்கு மூட்டுநோவு இருக்க நிறைய இடமுண்டு. அதை உறுதிப்படுத்த வேண்டியவர் மிருக வைத்தியர்.

இனி ஈரல். எண்ணெய்ச் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். தண்ணீர் வழுக்கி ஓடிவிடும், எண்ணெய் அப்படியே ஒட்டியிருக்கும். உடலுக்குள்ளும் இதே சிக்கல்தான். இலை, பட்டை, வேர், குளிசை எதிலிருந்து வந்தாலும் மருந்துப் பொருள்களில் மிகப் பல எண்ணெய்ப் பக்கம் சாய்ந்தவை. அதனால்தான் கலங்களின் மென்சவ்வைக் கடந்து உள்ளே போகின்றன. வேலை முடிந்ததும் அவை வெளியேற வேண்டும், ஆனால் சிறுநீர் தண்ணீர்.

ஈரல் இதற்கு வைத்திருக்கும் வழி எத்தனை தரம் படித்தாலும் எனக்கு அலுக்காது. அது குளுக்கோசை எடுத்து, ஒரு நுனியை மட்டும் மாற்றி, குளுக்குரோனிக் அமிலம் ஆக்குகிறது. தண்ணீரோடு அவ்வளவு சிநேகமான மூலக்கூறு அது. அதைக் கொண்டுபோய் எண்ணெய்ப் பொருளின் முதுகில் ஒட்டிவிடுகிறது. அதோடு அந்தப் பொருளின் குணமே மாறிப்போகும். தண்ணீரில் கரையும், சிறுநீரிலோ பித்தத்திலோ போய்விடும். காலையில் நாம் சோற்றிலும் பாணிலும் சாப்பிட்ட மாப்பொருளில் ஒரு துளி, மத்தியானம் ஒரு மருந்தை முதுகில் தட்டி வெளியே அனுப்பி வைக்கிறது.

இந்த ஒட்டு வேலையைச் செய்பவை நொதியங்கள். பல கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கையும் பிடிக்கும் பொருள் வேறு. பழைய செங்குருதிக் கலங்கள் உடையும்போது வரும் பிலிருபினைப் பிடிக்க ஒரு கை. பீனோல் வகைப் பொருள்கள் பலவற்றைப் பிடிக்க இன்னொரு கை, அதன் பெயர் யூ.ஜீ.ரீ. 1ஏ6. பூனையிடம் குளுக்குரோனிக் அமிலம் இருக்கிறது. பிலிருபினைப் பிடிக்கும் கையும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் இந்த இரண்டாவது கை பூனையிடம் இல்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கல் கோர்ட், டேவிட் கிரீன்பிளாட் இருவரும் 2000ஆம் ஆண்டில் இதன் காரணத்தைக் காட்டினார்கள். அந்தக் கைக்கான பரம்பரையலகு பூனையின் டி.என்.ஏ.யில் இன்னும் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் எழுத்துகள் கெட்டு, வாக்கியம் முடியுமுன்பே முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. வாசிக்கத் தொடங்கும் கலம் பாதியில் நிறுத்திவிடுகிறது.

எப்படிக் கெட்டது? பீனோல்களைப் பெருமளவில் செய்பவை தாவரங்கள். தம்மைத் தின்ன வருபவற்றுக்கு எதிராக அவை வைத்திருக்கும் ஆயுதங்களில் அதுவும் ஒன்று. மாட்டுக்கும் மனிதருக்கும் அந்த ஆயுதத்தை முறிக்கும் கை தினமும் தேவை. இறைச்சி மட்டுமே தின்னும் பிராணிக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஆள் நடக்காத ஒற்றையடிப் பாதை புல் மூடிப் போவதைப்போல, பயன்படாத பரம்பரையலகும் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும். பின்னர், 2011இல் கோர்ட்டின் குழு சிங்கம் உட்படப் பூனைக் குடும்பத்தின் பல இனங்களைப் பார்த்தபோது எல்லாவற்றிலும் இது உடைந்தே இருந்தது. உடைந்த காலம் 1 கோடியே 10 இலட்சம் முதல் 3 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு இடையில் என்பது அவர்களின் கணக்கு. தெகிவளை மிருகக்காட்சிசாலையில் படுத்திருக்கும் சிங்கத்துக்கும் உங்கள் பல்கனியில் படுத்திருக்கும் பூனைக்கும் இந்த விஷயத்தில் ஒரே ஈரல். பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாமல் போனதும் இதேபோல இன்னொரு பரம்பரையலகு உடைந்ததால்தான்.

கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் எனக்கு வேண்டிய ஒரு வீட்டில், சண்டையில் கடிபட்டுக் காய்ச்சலோடு கிடந்த பூனைக்கு ஆச்சி பாரசிட்டமோல் குளிசையில் கால்வாசியைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டார். சாயந்தரம் பூனையின் முகம் வீங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனோம். மிருக வைத்தியர் ஒரு துளி இரத்தத்தை வெள்ளை டிஷ்யூவில் விட்டார். பக்கத்தில் ஆரோக்கியமான இன்னொரு பூனையின் துளி. அது காற்றுப் பட்டுச் செக்கச்செவேலென்று இருந்தது. எங்கள் பூனையுடையது கொக்கோ கரைத்ததுபோலக் கபில நிறத்திலேயே நின்றது. "பிள்ளையளுக்குக் குடுக்கிறதுதானே டொக்டர், அதிலயும் கால்வாசிதான் குடுத்தன்" என்று ஆச்சி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

500 மில்லிகிராமில் கால்வாசி 125. 4 கிலோ பூனைக்கு, கிலோவுக்கு 31 மில்லிகிராம். 60 கிலோ மனிதர் ஏறக்குறைய நாலு குளிசையை ஒரே தடவையில் விழுங்கிய கணக்கு. பாரசிட்டமோலும் ஒரு பீனோல்தான். மனித ஈரல் அதில் பெரும்பங்கை குளுக்குரோனிக் அமிலம் ஒட்டியும் சல்பேற் ஒட்டியும் அனுப்பிவிடும். பூனையிடம் முதலாவது வழி அடைபட்டிருக்கிறது, இரண்டாவது வழி சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் வேறு பாதைகளில் போய் ஒட்சியேற்றும் நஞ்சுகளாகின்றன. அவை ஈமோகுளோபினைத் தாக்குகின்றன. அதிலும் மனித ஈமோகுளோபினில் எளிதில் தாக்கப்படும் கந்தக முனைகள் 2 என்றால், பூனையுடையதில் 8. தாக்கப்பட்ட ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்காது, நிறம் மாறிவிடும். டிஷ்யூவில் நாங்கள் பார்த்தது அதைத்தான். அசற்றைல் சிஸ்டீன் என்ற மாற்று மருந்தும் ஒட்சிசனும் கொடுத்து, நாலு நாளில் பூனை வீட்டுக்கு வந்தது. நேரத்துக்குப் போனதால் பிழைத்தது.

சரி, இது இங்கிலிஸ் மருந்துதானே, எண்ணெய்க்கு என்ன என்று அம்மா கேட்பார். நோவுக்குப் பூசும் எண்ணெய், பாம் வகைகளின் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் மெதைல் சலிசிலேற் இருக்கும், கற்பூரம் இருக்கும், கராம்பு எண்ணெய் இருக்கும். சலிசிலேற் அஸ்பிரினின் உறவு. அஸ்பிரினின் கதையும் வில்லோ மரப்பட்டையில்தான் தொடங்கியது. அது மரத்திலிருந்து வந்ததா, ஆய்வுகூடத்திலிருந்து வந்ததா என்று ஈரல் கேட்பதில்லை. சிறிய அளவில் எடுத்தால் மனித உடலில் சலிசிலேற் பாதியாகக் குறைய 2, 3 மணித்தியாலம் போதும். பூனைக்கு ஏறக்குறைய 38 மணித்தியாலம். காலையும் மாலையும் பூசினால், முந்தைய தடவை பூசியது போகுமுன்பே அடுத்தது சேரும். பூனை தன் உடம்பில் பட்டதையெல்லாம் நக்குவதால், பூச்சு மருந்து என்று பூனைக்கு ஒன்று கிடையாது. பூசினால் அது தின்ற மாதிரித்தான்.

உள்ளியும் வெங்காயமும்கூட, வேறு பொருள்களால், இதே ஈமோகுளோபினைத்தான் கெடுக்கின்றன. ஆகவே உள்ளி தட்டிப் போட்ட கஷாயம், இரசம் எதுவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'லங்கணம் பரம ஔடதம்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சுகமில்லாதபோது வயிற்றைக் காயப்போடுவது நமக்குப் பல நேரம் நல்லதுதான். பூனையைக் காயப்போடவே கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால், அதிலும் கொழுத்த பூனை என்றால், உடம்பிலுள்ள கொழுப்பு வெள்ளமாக ஈரலுக்கு வந்து அங்கேயே படிந்து ஈரலைச் செயலிழக்க வைத்துவிடும். ஒரு நாள் முழுக்கப் பூனை சாப்பிடவில்லையா, டொக்டரிடம் போங்கள்.

இவ்வளவு சொன்னாலும் நான் ஒருங்கிணைந்த வைத்தியத்தின் பக்கம்தான். முழுப் பூனையையும் பார்த்துச் செய்த வைத்தியம் பலித்ததற்கு அழகான சான்று இருக்கிறது. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பச் சிறுநீர்ப்பை அழற்சி வரும் பூனைகளுக்கு, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் வீட்டையே மாற்றிக் கொடுத்தார். ஒளிந்துகொள்ள இடம், ஏறிப் பார்க்க உயரம், மலசலத்துக்குச் சுத்தமான மணல் தட்டுகள், தினமும் விளையாட்டு. 2006இல் வெளியான முடிவுகளில் பூனைகளின் நோய்க்குறிகள் தெளிவாகக் குறைந்தன, பயமும் பதற்றமும்கூடக் குறைந்தன. அக்குபங்சர் நோவுக்கு உதவலாம், ஆனால் பூனைகளில் அதற்கான சான்று இன்னும் மெல்லியது. அனுபவமுள்ள மிருக வைத்தியர் செய்தால் ஈரலுக்குச் சுமையில்லை என்பதால் நான் தடுக்கமாட்டேன்.

மூலிகைகளைப் பொறுத்தவரை எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இலங்கையின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனம் நாவின்னவில் இருக்கிறது. நம் மூலிகை ஒன்றின் சாற்றை, வேறு காரணத்தால் இறந்த பூனையின் ஈரலிலிருந்து பிரித்த நொதியங்களோடு குழாயில் சேர்த்து, எவ்வளவு வேகத்தில் மறைகிறது என்று அளக்கலாம். உயிருள்ள பூனை எதையும் தொட வேண்டியதில்லை. இப்படி நூறு மூலிகைகளுக்கு ஓர் அட்டவணை கையில் இருந்தால், ஆச்சிமார் ஊகித்துக் கால்வாசி கொடுக்கவேண்டி வராது. இதற்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவு என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

வாசகிக்கு: பூனையின் நிறையைப் பாருங்கள், கூடியிருந்தால் டொக்டரின் சொல்கேட்டு மெதுவாகக் குறையுங்கள். மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பைத் தாழ வெட்டிவிடுங்கள். கதிரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டால் இரண்டு எட்டாக ஏறும். வழுக்கும் டைல்ஸில் பாய் விரியுங்கள். நோவுக்குப் பூனைக்கென்றே அளவிட்ட மருந்துகள் உண்டு, டொக்டரிடம் கேளுங்கள். அம்மா எண்ணெய் பூசியபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். மடியில் வந்து படுக்கும் பூனை என்று எழுதியிருக்கிறீர்கள், அது முழங்காலை நக்கும். படுக்கவிடுமுன் ஒரு துவாயை மடித்துக் காலில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.