வெறும் வயிற்றில் குடித்தால் சீனி ஏன் விழுகிறது?

இரவு பார்ட்டியில் குடிக்கப்போகும் கலோரிக்கு ஈடாக மத்தியானச் சோற்றுப் பார்சலை விட்டுவிடுவது, குடித்து முடிந்தபின் வேண்டுமென்றே சத்தியெடுப்பது. கொழும்பில் கம்பஸ் போகிற, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் சிலரிடம் இந்தக் கணக்கு உண்டு. அதைக் குழப்புவது ஈரல்.

8.8 வீத ஸ்ட்ரோங் பியர், 500 மில்லிலீற்றர் கேன் ஒன்றை எடுப்போம். அதில் மதுசாரம் 44 மில்லிலீற்றர், நிறை ஏறக்குறைய 35 கிராம். கிராமுக்கு 7 கிலோகலோரி என்றால் மதுசாரத்தில் மட்டும் 245. இதைச் சேமித்து வைக்க உடலில் இடமில்லை. ஆகவே ஈரல் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து இதைத்தான் முதலில் எரிக்கும். கொழுப்பு எரிவது அந்த நேரம் குறைந்துவிடும். எரிக்கும் வேகமோ மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான். ஒரு கேனுக்கே மூன்றரை முதல் ஐந்து மணித்தியாலம் பிடிக்கும்.

வயிற்றில் சாப்பாடு இருந்தால் இரைப்பையின் கீழ்வாசல் மெதுவாகத் திறக்கும், மதுசாரம் சிறுகுடலுக்குச் சிறிது சிறிதாகப் போகும். வெறும் வயிறு என்றால் நேரே இறங்கி, அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு குடித்தாலும் அந்த உச்சம் இன்னும் மேலே. இடையில் கொறிக்கும் பைட் ஓரளவுக்கு உதவும். முன்கூட்டியே சாப்பிட்ட சோற்றுக்கு அது ஈடாகாது.

ஆபத்தான இடம் இனித்தான். சாப்பிடாத நேரத்தில் மூளைக்குச் சீனி கொடுப்பது ஈரல். முதலில் தன் கிளைக்கோஜன் சேமிப்பை உடைக்கும். அது ஏறக்குறைய ஒரு நாளுக்குக் காணும். பல நாளாக அரைவயிற்றோடு இருப்பவருக்கு அதுவும் இல்லை. பிறகு லக்ரேற்று, அமினோ அமிலம் போன்றவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்யவேண்டும். அந்த வேலைக்கு என்ஏடி என்ற துணைப்பொருள் தேவை. மதுசாரத்தை உடைப்பதற்கும் அதே என்ஏடிதான் செலவாகிறது. அது தீர்ந்தால் குளுக்கோஸ் உற்பத்தி நிற்கும். சேமிப்பும் இல்லை, உற்பத்தியும் இல்லை. சீனி விழும், சிலவேளை குடித்துப் பல மணித்தியாலம் கழித்து.

வியர்வை, நடுக்கம், நாக்குழறல், தடுமாற்றம். பார்ப்பவர்களுக்கு இது வெறி என்றே தோன்றும், "படுத்தால் சரியாகும்" என்று விட்டுவிடுவார்கள். நீரிழிவுக்காரர் உள்ள வீட்டில் கிடக்கும் குளுக்கோமீற்றர் ஒரு சொட்டு இரத்தத்தில் வித்தியாசத்தைச் சொல்லிவிடும்: டெசிலீற்றருக்கு (100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு) 70 மில்லிகிராமுக்குக் கீழே குறைவு, 54-க்குக் கீழே அவசரம்.

சத்தியெடுப்பவருக்கு இன்னொரு இழப்பு, பொற்றாசியம். அது குறைந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். தயமின் என்ற விற்றமினின் இருப்பும் சில வாரங்களுக்குத்தான். அது வற்றிய உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம் என்பதால் வைத்தியர்கள் தயமினையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

பட்டினியால் மிச்சம் பிடித்தது நிலைப்பதும் இல்லை. இலண்டனில் எலிகளில் செய்து 2017-இல் வெளியான ஆய்வொன்றில், பசியைக் கிளப்பும் மூளைக் கலங்களை மதுசாரமே முடுக்கிவிட்டது. நள்ளிரவில் காலி வீதிக் கொத்துக் கடையில் முழுப் பார்சல், காலையில் குற்ற உணர்வு, மறுபடியும் பட்டினி. வாரத்துக்கு வாரம் இது சுழன்றால் அது உணவுக் கோளாறாக இருக்கலாம். மனநல உதவிக்கு 1926-ஐ அழைக்கலாம்.

குடித்தவர் விழித்திருந்து விழுங்கக்கூடியவராக இருந்தால் சீனி போட்ட தேத்தண்ணீர் கொடுங்கள். தட்டியும் எழும்பாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது சட்டவிரோதம். அந்தப் பயத்தில் தாமதிக்க வேண்டாம். எவ்வளவு குடித்தார் என்பதோடு, கடைசியாக எப்போது சாப்பிட்டார், சத்தியெடுத்தாரா என்பதையும் சொல்லுங்கள். சீனியைச் சோதிக்கவேண்டும் என்று அவர்களுக்கு உடனே தோன்றுவது அதைக் கேட்டுத்தான்.