ஸ்னோடிராப் என்பது பனித்துளி அன்று

‘பனித்துளிகள் பூத்துவிட்டன, இனிக் குளிர் விலகிவிடும்.’ ஐரோப்பியத் தோட்டங்களைப் பற்றித் தமிழில் வரும் எழுத்துகளில் இந்த வரியை ஏதாவது ஒரு வடிவில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் படிக்க நேர்கிறது. மொழிபெயர்ப்புக் கதைகளில் இருக்கிறது. படங்களின் தமிழ் வசனவரிகளில் இருக்கிறது. குழந்தைகளுக்கான புத்தகம் ஒன்றில் பூவின் படத்துக்கு நேர் கீழேயே அச்சாகியிருக்கிறது. பனித்துளி பூக்காது. அது விடியலில் புல்நுனியில் நிற்கும், வெயில் ஏறினால் மறைந்துவிடும். தமிழ் பேசும் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்த இந்தச் செய்தி, அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவருக்கு எப்படி மறந்துபோகிறது?

சொல்லப்படும் பூ ஸ்னோடிராப். ஐரோப்பாவில் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே தலைகாட்டும் சிறு கிழங்குச் செடி. அரைச் சாண் உயரம்தான் இருக்கும். சாம்பல் படிந்த பச்சையில் இரண்டு ஒடுங்கிய இலைகள், நடுவில் ஒரு தண்டு, தண்டின் தலையிலிருந்து வளைந்த மெல்லிய காம்பில் தலைகீழாகத் தொங்கும் ஒற்றைப் பூ. வெளியே மூன்று நீண்ட வெள்ளை இதழ்கள். உள்ளே மூன்று குட்டை இதழ்கள். குட்டை இதழ்களின் நுனியில் சிறு வெட்டு ஒன்றும் அதை ஒட்டிப் பச்சைக் குறி ஒன்றும் இருக்கும். பகலில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெளியிதழ்கள் அகல விரியும், குளிர்ந்தால் கூம்பிவிடும். இரவில் உறைகுளிர் கடுமையானால் செடி முழுவதும் தரையில் சாய்ந்து கிடக்கும். வெயில் பட்டதும் நிமிர்ந்துகொள்ளும். இங்கிலாந்தில் ஜனவரிக் கடைசியிலிருந்தே பழைய தேவாலயங்களின் கல்லறைத் தோட்டங்களில் இதைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம். டொராண்டோ போன்ற ஊர்களில் தரைப்பனி இளகும் மார்ச் மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

பெயர் வரலாறு சுருக்கமானது. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட அறிவியல் பெயர் காலாந்தஸ் நிவாலிஸ். கிரேக்கத்தில் ‘காலா’ பால், ‘ஆந்தோஸ்’ பூ. லத்தீனில் ‘நிவாலிஸ்’ பனிக்குரியது. ஆகப் பனிக்காலப் பால்பூ. ஆங்கிலப் பெயர் அதைவிடப் பழையது: ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜெரார்டின் மூலிகை நூல் 1633இல் திருத்தி அச்சிடப்பட்டபோதே, சிலர் இதை ஸ்னோடிராப் என்றும் அழைப்பர் என்ற குறிப்பு அதில் வந்துவிட்டது. இதில் உள்ள ‘டிராப்’ நீர்த்துளியைக் குறிப்பதன்று, அக்காலப் பெண்கள் காதில் அணிந்த தொங்கல் நகையைக் குறிப்பது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். பூவை ஒரு முறை பார்த்தவர்களுக்கு இந்த விளக்கத்தில் ஐயம் எழாது.

இனி ‘பனித்துளி’க்கு வருவோம்.

தமிழில் பனி என்ற சொல் ஏற்கெனவே சுமக்க முடியாத சுமையைச் சுமக்கிறது. மார்கழி விடியலில் வாசலில் இறங்குவதும் பனி, சாலையை மறைப்பது மூடுபனி, ஊட்டியில் புல்வெளியை வெளுக்க வைப்பது உறைபனி, இமயத்தில் கிடப்பதும் பனி. கடைசிப் பொருள் ஆங்கிலத்தின் வழியே வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. ‘வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும்’ என்று புறநானூற்றின் ஆறாம் பாட்டில் காரிகிழார் இமயத்தைத்தான் சொல்கிறார். எனவே ஸ்னோவைப் பனி என்பதில் எனக்கு வழக்கே இல்லை. தனியே பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் வெண்பனி என்று சொல்லிக்கொள்ளலாம். என் வழக்கெல்லாம் துளியோடுதான்.

பனியோடு துளி சேர்ந்த அந்தக் கணத்தில் இமயம் மறைந்துவிடுகிறது. ஈரம் மட்டும் நிற்கிறது. கண்கள் பனித்தன என்று எழுதுகிறோம், யாரும் கண்ணில் வெண்பனி விழுந்ததாகப் படிப்பதில்லை. பனித்தல் என்றாலே நீர் துளிர்த்தல். துளியும் அப்படியே, ‘விசும்பின் துளி’ என்று குறள் சொன்னால் மழை. இரண்டு நீர்ச்சொற்களைச் சேர்த்து ஒரு செடிக்குப் பெயராகச் சூட்டினால் படிப்பவர் மனத்தில் செடி முளைக்குமா?

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்காக ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். ருஷ்ய எழுத்தாளர் மார்ஷாக்கின் ‘பன்னிரண்டு மாதங்கள்’ நாடகத்தில், புத்தாண்டுக்கு முந்தைய நாளில், காடெல்லாம் பனி மூடிக் கிடக்கையில், மாற்றாந்தாய் ஒரு சிறுமியை ஸ்னோடிராப் பறித்துவர அனுப்புகிறாள். அரசி ஒரு கூடைப் பூவுக்குப் பொன் தருவதாக அறிவித்திருக்கிறாள். நடக்கவே முடியாத வேலை இது. ஏனெனில் அந்தப் பூ மலர இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கதையின் கொடுமை முழுவதும் அந்தக் காலக்கணக்கில் இருக்கிறது. இதையே ‘ஒரு கூடை பனித்துளி கொண்டு வா’ என்று தமிழாக்குங்கள். வேலை இப்போதும் நடக்க முடியாததுதான். ஆனால் காரணம் மாறிவிட்டது. கூடையில் நீர் நிற்காது என்பதால் அது முடியாது. மார்கழிக் குளிரில் பனித்துளிக்கு என்ன பஞ்சம் என்றுதான் தமிழ்க் குழந்தை கேட்கும். பருவத்தைப் பற்றிய கதையில் பருவமே விழுந்துவிட்டது.

மருத்துவக் கட்டுரைகளில் நிலைமை இன்னும் மோசம். அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களுக்குத் தரப்படும் காலன்டமின் என்ற மருந்து இந்தச் செடியின் குடும்பத்திலிருந்து வந்தது. பெயரே காலாந்தஸிலிருந்து பிறந்தது. 1950களில் சோவியத் நாட்டிலும் பல்கேரியாவிலும் ஆய்வு செய்யப்பட்டு, 2001இல் அமெரிக்காவில் அல்சைமர் சிகிச்சைக்கு அனுமதி பெற்றது. ‘பனித்துளியிலிருந்து எடுக்கப்பட்ட ஞாபகமறதி மருந்து’ என்று இதை எழுதினால் என்ன ஆகும்? விடியற்காலையில் புல்லின் ஈரத்தை வழித்துக் குடிக்கச் சொல்லும் ஆலோசனையாக அது நாளைக்கே கைபேசிகளில் சுற்றத் தொடங்கும். செடியின் கிழங்கு நச்சுத்தன்மை உடையது என்ற எச்சரிக்கையும் பனித்துளி என்ற பெயரோடு ஒட்டவே ஒட்டாது.

ஆங்கிலேயர்களே டிராப் என்றுதானே சொல்கிறார்கள், நாம் துளி என்றால் என்ன குற்றம் என்பது மறுதரப்பின் வலுவான வாதம். அது ஒரு காரணத்தால் விழுகிறது. ஆங்கிலத்தில் பனிநீர்த் துளிக்கு வேறு சொல் இருக்கிறது: டியூடிராப். ஸ்னோடிராப் என்று சொன்னால் அங்கே யாரும் புல்நுனியை நினைப்பதில்லை. தமிழில் பனித்துளி என்ற இருக்கையில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்கவும் போவதில்லை. போதாததற்குப் பூச்சி தின்னும் ட்ரோசீராவைப் பனித்துளிச் செடி என்று சொல்வோரும் உண்டு. அதன் இலைமயிர்களில் பசை உண்மையிலேயே துளித்துளியாக மின்னுவதால் அந்தப் பெயருக்கு அங்கே நியாயம் இருக்கிறது.

பூ என்பதைக் கடைசியில் ஒட்டிப் பனித்துளிப்பூ என்றால் போதாதா என்பவர்களும் உண்டு. பிழையைத் திருத்தாமல் அதற்கு வால் ஒட்டுவது இது. ‘உறைபனித்துளி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உறைந்தபின் துளி ஏது? ‘பனிப்பூ’ கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் வானிலிருந்து விழும் பனித்துகளைப் பலரும் அப்படித்தான் வருணிக்கிறார்கள். ஸ்னோடிராப்பின் உறவுச் செடி ஒன்றுக்கு ஆங்கிலத்தில் ஸ்னோஃபிளேக் என்றே பெயர். ஆறு இதழ்களும் ஒரே அளவு, ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சைப் புள்ளி. துளியும் துகளுமாகச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டு போனால் இந்த இரண்டு செடிகளையும் தமிழில் பிரித்தறிய வழியே இராது.

ஆங்கிலத்தை விட்டுவிட்டு மற்ற மொழிகள் என்ன செய்தன என்று பார்க்கலாம். ஜெர்மானியர் சின்னப் பனிமணி என்கிறார்கள், கோயில் மணியின் பொருளில். ருஷ்யர் பனிக்கு அடியில் இருப்பது என்கிறார்கள். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் பனியைத் துளைப்பது என்று செடியின் செயலையே பெயராக்கிவிட்டார்கள். ஒருவரும் அடுத்தவர் சொல்லைப் பெயர்க்கவில்லை. குனிந்து செடியைப் பார்த்தார்கள்.

‘பனிமணி’ அழகுதான். ஆனால் தமிழில் மணி என்றால் ஓசை எழுப்பும் மணி மட்டும் இல்லை. முத்தும் மணி, நெல்லும் மணி, நீர்த்துளியும் கவிதையில் மணி. பனிமணி என்றதும் மறுபடி புல்நுனிக்கே போய்விடுவோம். ‘பனிக்குழை’ என்பதன்மேல் எனக்கு நெடுநாள் ஆசை இருந்தது. குழை என்றால் காதணி. ‘கனங்குழை மாதர்’ குறளிலேயே இருக்கிறாள். ஆங்கிலப் பெயரின் உண்மைப் பொருளுக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடையாது. தடையாக நிற்பது யாழ்ப்பாண வழக்கு. அங்கே குழை என்றால் ஆட்டுக்குப் போடும் இலைக்கொத்து. டொராண்டோவிலும் லண்டனிலும் இந்தப் பூவை வீட்டு வாசலிலேயே பார்க்கிற தமிழர்களில் பெரும்பாலோர் ஈழத்திலிருந்து போனவர்கள். பூவோடு வாழ்கிறவர்களின் காதில் இலையாக ஒலிக்கும் பெயரைச் சென்னையிலிருந்து எழுதி அனுப்புவது முறையாகாது.

என் தேர்வு பனியுருவி. உருவுதல் என்றால் ஊடே துளைத்துச் செல்லுதல். அம்பு மார்பை உருவியது என்கிறோம். நாயுருவி, கல்லுருவி என்று செடிப்பெயர்கள் இந்த வடிவில் நம்மிடம் முன்பே இருக்கின்றன. தொட்டாற்சுருங்கியைப் போலச் செய்கையால் பெயர் பெறும் பழக்கமும் தமிழுக்குப் புதிதன்று. ஆகவே பனியுருவி என்று கேட்டவுடன், அது என்ன என்று தெரியாதவருக்கும், ஒரு செடி என்பது தெரிந்துவிடும். பொருளும் துல்லியமானது. இந்தச் செடியின் இலைநுனி மட்டும் தடித்துக் கடினமாக இருக்கும். இறுகிக் கிடக்கும் மண்ணையும் அதன் மேல் படிந்த பனியையும் அந்த நுனியால்தான் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. குளிர்நாடுகளில் மக்கள் இதைக் குளிர் முடிவதன் அடையாளமாகப் பார்ப்பதும் இந்தச் செயலுக்காகத்தான். ‘பனியுருவி பூத்துவிட்டது’, ‘ஒரு கொத்துப் பனியுருவி பறித்து வந்தாள்’, ‘பனியுருவியின் கிழங்கு நஞ்சு’ என்று எழுதிப் பாருங்கள். ஒரு வாக்கியமும் தடுக்கவில்லை.

பூவின் பெயரோடு இது நின்றால் பரவாயில்லை. குளிர்நாட்டுப் பருவம் முழுவதன் மேலுமே நம் மொழிபெயர்ப்பாளர்கள் நம் ஊர் வசந்தத்தைப் போர்த்திவிடுகிறார்கள். பனியுருவி பூக்கும் பிப்ரவரி, மார்ச் நம் கணக்கில் மாசி, பங்குனி, பின்பனிக் காலம். அதை ‘இளவேனில் மலர்’ என்கிறார்கள். வேனில் என்றால் வெப்பம். கையுறை இல்லாமல் வெளியே போக முடியாத நாளில் என்ன வெப்பம்? இரவில் உறைநிலைக்குக் கீழும் பகலில் அதற்கு மேலுமாக வெப்பம் மாறிமாறி வரும் அந்த வாரங்களில்தான் கனடாவில் மேப்பிள் மரத்தில் சாறு வடிக்கிறார்கள்; முழு வெப்பம் வந்து மொட்டுகள் விரிந்துவிட்டால் அந்தச் சாற்றின் சுவை கெட்டுவிடும். ‘குளிர் இறங்கும் காலம்’ என்றோ ‘பனி இளகும் காலம்’ என்றோ எளிதாகச் சொல்லிவிடலாம். அங்கே வந்திறங்கும் குக்கூவைக் குயில் என்றும் எழுதுகிறார்கள்; இரண்டும் உறவுப் பறவைகள்தான், ஆனால் வேறு இனம், வேறு குரல்.

பனியுருவிக்குப் பின்னால் வரும் குரோக்கஸையும் சொல்லியாக வேண்டும். மார்ச் மாதப் புல்வெளியில் ஊதாவும் மஞ்சளுமாக மலர்வதைக் ‘குங்குமப்பூக்கள்’ என்று எழுதுவது அடுத்த பெரிய தவறு. குங்குமப்பூ தரும் குரோக்கஸ் வேறு. காஷ்மீரின் பாம்பூரில் அது பூப்பது இலையுதிர்காலத்தில், அக்டோபர், நவம்பரில். மார்ச்சில் பூப்பது அதன் உறவினம். அதன் பூவிலிருந்து யாரும் குங்குமப்பூ எடுப்பதில்லை. நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று அமையும்வரை அதைக் குரோக்கஸ் என்றே எழுதுங்கள்.