முதல் சர்ட் இறுக்கமாக இருக்க வேண்டாம்

"சார், மூச்சே விட முடியல. சரியாத்தானே இருக்கு?"

பவர்லிஃப்டிங்கில் பெஞ்ச் பிரஸுக்கு, அதாவது மல்லாந்து படுத்து பாரை நெஞ்சுவரை இறக்கி மேலே அழுத்துவதற்குப் போடும் பெஞ்ச் சர்ட்டுக்குள் எப்படியோ நுழைந்துவிட்டு, கையைக் கீழே போட முடியாமல் நின்ற ஒரு மாணவன் கேட்டது இது. இறுக்கமாக இருந்தால்தான் கூடுதல் எடை தூக்க முடியும் என்று யாரோ சொன்னதை நம்பி, தன் அளவைவிட இரண்டு சைஸ் சிறியதாக வாங்கி வந்திருந்தான். சர்ட் இல்லாமல் அவனுடைய உச்சம் 90 கிலோ. சர்ட்டோடு 110 போட்டோம். பார் நெஞ்சுக்கு நாலு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. 120 போட்டும் அதே கதை. அதற்கு மேல் ஏற்ற நான் சம்மதிக்கவில்லை. அந்த சர்ட்டை வளைக்கத் தேவையான எடையைத் தாங்கிப் பிடிக்க அவன் தோளும் கையும் இன்னும் பழகவில்லை.

இப்படி உதவும் உடைகளோடு தூக்கும் எக்விப்டு பவர்லிஃப்டிங்கில் சூட், சர்ட் எல்லாம் விறைப்பான துணி. இறங்கும்போது இழுபட்டு, ஏறும்போது அந்த இழுவையைத் திருப்பித் தருகிறது. இறுக்கம் கூடினால் உதவியும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் முதலில் இறங்க வேண்டுமே! பெஞ்சில் பார் நெஞ்சைத் தொட்டு அசையாமல் நிற்க வேண்டும். பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் இடுப்பு மூட்டுப் பக்கத் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சிக்குக் கீழே போக வேண்டும். இல்லாவிட்டால் நடுவரின் சிவப்பு விளக்கு, அந்த முயற்சி செல்லாது. மூன்று முயற்சியும் இப்படிப் போனால் மொத்தக் கணக்கே கிடையாது.

அதனால் முதல் சர்ட்டுக்கு நான் வைத்திருக்கும் சோதனை இது: சர்ட் இல்லாத உச்ச எடையைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் கூட்டிப் போட்டால் பார் நெஞ்சைத் தொட வேண்டும். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத, என் அனுபவக் கணக்குதான். ஒருவர் உதவியோடு போட்டுக்கொள்ள முடிய வேண்டும். மூன்று பேர் சேர்ந்து இழுத்தால்தான் ஏறும் என்றால் அது இப்போதைக்கு உங்களுக்கானது இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவும் வேண்டாம். பெல்ட்டும், மணிக்கட்டில் சுற்றும் பட்டையான ரிஸ்ட் ரேப்பும் முதலில். அப்புறம் முழங்கால் ரேப், ஸ்குவாட் சூட், பெஞ்ச் சர்ட். தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்டுக்கான சூட் கடைசியில் போதும்; இரண்டு சூட், ஒரு சர்ட் என மூன்றிலும் குறைவாக உதவுவது பெரும்பாலும் அதுதான்.

வாங்கும் முன் எந்த அமைப்பின் போட்டி என்று பாருங்கள். சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.பி.எஃப். விதியில் ஒற்றை அடுக்குத் துணி மட்டும்தான், அதுவும் அவர்கள் அங்கீகரித்த பட்டியலில் உள்ள மாடலாக இருக்க வேண்டும். பெல்ட் 10 செ.மீ. அகலம், 13 மி.மீ. தடிமனைத் தாண்டக் கூடாது. முழங்கால் ரேப் 2 மீட்டர், ரிஸ்ட் ரேப் 1 மீட்டர். இரண்டுக்கும் அகலம் 8 செ.மீ. வரை. வேறு சில அமைப்புகள் பல அடுக்குச் சூட்டையும் முதுகுப்பக்கம் திறந்த சர்ட்டையும் அனுமதிக்கின்றன. மலிவாகக் கிடைத்தது என்று அதை வாங்கிக்கொண்டு ஐ.பி.எஃப். போட்டிக்கு வந்து, உபகரணச் சோதனையிலேயே திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முழங்கால் ரேப்பில் மிக விறைப்பானதைத் தேடிப் போகிறார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் இளகியதே நல்லது. விறைப்பானதை இறுக்கிச் சுற்றினால் தோல் கன்றிப்போகும், கால் மரத்துப்போகும், நாற்காலியிலிருந்து எழுந்து, பார் வைத்திருக்கும் ரேக் வரை நடப்பதே பெரிய வேலையாகிவிடும். செட் முடிந்ததும் உடனே அவிழ்த்துவிடுங்கள், பேசிக்கொண்டே உட்காராதீர்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வர வேண்டாம். பெல்ட்டை இறுக்கி, மூச்சை அடக்கித் தூக்கும்போது அழுத்தம் சட்டென்று எகிறும்.

பெஞ்ச் சர்ட்டைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். அதில் பார் போகும் பாதையே வேறு. வழக்கத்தைவிடக் கீழே, நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குப் பக்கமாக இறக்க வேண்டியிருக்கும். பாதை கொஞ்சம் விலகினால் பார் முகத்தை நோக்கியோ வயிற்றை நோக்கியோ பாயும். துணி உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால் முதல் சில வாரம் நெஞ்சின் மேல் பலகை வைத்து, மூன்று பலகை உயரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்து வரச் சொல்வேன். தலைமாட்டில் ஒருவர், இரு பக்கமும் ஒவ்வொருவர் எனப் பாரைப் பிடித்துக் காப்பாற்ற மூன்று ஸ்பாட்டர் இல்லாத நாளில் சர்ட் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பழைய சர்ட் வாங்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. கொஞ்சம் தளர்ந்திருப்பது உங்களுக்கு நல்லதுதான். அக்குள், தோள்பட்டைத் தையலை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தையல் விட்டிருந்தால் வேண்டாம்.

அந்த மாணவனுக்கு ஒரு சீனியரின் பழைய சர்ட்டைக் கொடுத்தோம். முதல் வாரமே 102 கிலோவில் நெஞ்சைத் தொட்டான். அந்தக் குட்டி சர்ட்டை ஒன்றரை வருடம் கழித்து எடுத்துப் போட்டோம். அப்போது சர்ட் இல்லாமலே 115 அழுத்திக்கொண்டிருந்தான். 140 போட்டபோதுதான் பார் கீழே வந்தது.