திரைவாசிப்பான் ஏன் ‘கௌரவம்’ சொல்லத் தடுமாறுகிறது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற தம்பிக்கு உதவிவரும் வாசகி ஒருவர், ஒரே கைபேசியில், திரையில் இருப்பதைக் குரலாகப் படிக்கும் ஒரே திரைவாசிப்பான் செயலி ஒரு தமிழ்ப் பாடக்குறிப்பைத் தெளிவாகப் படித்துவிட்டு, அடுத்த குறிப்பை மட்டும் ‘ஜேகேபிஓ’ என்று உளறுவது ஏன் என்று கேட்டிருக்கிறார். இரண்டு கோப்புகளையும் அவர் திறந்து பார்த்தபோது எழுத்துகள் ஒன்றுபோலவே தெரிந்தனவாம். கோளாறு செயலியிலா, கோப்பிலா என்பது அவர் கேள்வி. கோப்பில்தான்.

கைபேசியில் உள்ள டாக்பேக் ஆனாலும், பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கி இன்று இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ ஆனாலும், திரைவாசிப்பான் பொதுவாகத் திரையில் தெரியும் வடிவங்களைப் பார்ப்பதில்லை. இது தலைப்பு, இது பொத்தான், இது பத்தி என்ற விவரங்களையும் அவற்றுக்குள் இருக்கும் எழுத்துகளைக் கணினி அடையாளம் காணும் எண்களையும் இயங்குதளத்திடம் கேட்டுப் பெற்று, அவற்றைக் குரலாக மாற்றும் இயந்திரத்திடம் ஒப்படைப்பதே அதன் வேலை. ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பாகம்’ ஆகிய மூன்று சொற்களிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிப்பதைக்கூட, அக்கம்பக்கத்து எழுத்துகளை வைத்து அந்தக் குரல் இயந்திரம் கணித்துக்கொள்ளும். ஆனால் அதன் கைக்கு வருவது உண்மையிலேயே ககரமாக இருக்க வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அது ககரமாக இருப்பதில்லை. அவற்றில் ‘தமிழ்’ என்று நாம் பார்ப்பது, கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிந்திருக்கிறது. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. வேடத்தைப் பார்க்காத திரைவாசிப்பான், உள்ளே இருப்பதை உள்ளபடி படித்துவிடுகிறது. வாசகியின் தம்பி கேட்டது இதைத்தான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் என்ற குறிமுறைகளும் (எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் முறைகள்) எழுத்துருவை நம்பியிருந்தவையே. எழுத்துகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான எண்களைத் தரும் யூனிகோடை 2010-இல் தமிழக அரசு தரமாக ஏற்ற பிறகும், அதற்கு முன் தட்டச்சான கோப்புகள் அப்படியேதான் இருக்கின்றன.

பழைய கோப்பை மாற்றிச் செயலியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய கட்டுரை ஒன்றை அப்படி மாற்றி, மூன்று முறை கண்ணால் மெய்ப்புப் பார்த்து, ஒரு பிழையும் இல்லை என்று நிம்மதியடைந்த பிறகு, விளையாட்டாக என்விடிஏயில் ஓடவிட்டேன். ‘கௌரவ ஆசிரியர்’ என்ற இடத்தில் குரல் ‘கெ-ள-ர-வ’ என்று தடுக்கி விழுந்தது. திரையை உற்றுப் பார்த்தேன். அப்போதும் எனக்கு அது ‘கௌ’ என்றே தெரிந்தது.

காரணம் சுவையானது. ‘கௌ’வின் வலப்பக்கம் நிற்கும் கொம்புக்கால், ளகரத்தின் அச்சு அசலான வடிவம் என்பதால், பழைய எழுத்துருக்கள் இரண்டுக்கும் ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டன. மாற்றிச் செயலிக்குக் கிடைப்பது ஒற்றைக்கொம்பு, ககரம், ள வடிவம் என்ற மூன்று துண்டுகள் மட்டுமே. அதை ‘கௌ’ என்று சேர்ப்பதா, ‘கெ’ என்றும் ‘ள’ என்றும் பிரிப்பதா என்பதற்கு அந்தத் துண்டுகளில் சான்று இல்லை. யூனிகோடிலோ ககரத்தை அடுத்து ஔகாரக் குறிக்கென்று தனி எண் ஒன்று வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எண்ணில் இரண்டும் வேறு வேறு எழுத்துகள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது ‘அவா்கள்’. ரகர மெய்யைக் கீழ்க்கோடு இல்லாமல், துணைக்காலின் மேல் புள்ளி வைத்து அடிப்பது தட்டச்சுப்பொறிக் காலத்துப் பழக்கம். அது எழுத்துருக்கள் வழியாக இன்றைய இணையத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கோப்பில் ரகரமே இல்லாதபோது குரல் இயந்திரம் அதை எங்கிருந்து ஒலிக்கும்? பிடிஎஃப் கோப்புகளில் இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு. யூனிகோடில் ‘கொ’ என்பது ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால் என்று ஒலிக்கும் வரிசையில் பதிகிறது. பிடிஎஃப் பக்கத்திலோ கொம்பு, ககரம், கால் என்று வரையும் வரிசையில் வடிவங்கள் அடுக்கப்படுகின்றன. எந்த வடிவம் எந்த எழுத்து என்ற அட்டவணை சரியாக உடன் வராவிட்டால், ‘கொடி’யை நகலெடுத்து ஒட்டும்போது அநாதையாக ஒரு கொம்பும் அதன் பின்னால் ‘காடி’யும் வந்து விழும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு உள்ளடக்கம் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை வாழ்வுரிமையின் பகுதியாகவே அறிவித்தது. பணமோ புதிய செயலிகளைத் தேடியே போகிறது என்பது என் மனக்குறை. இயல்பான தமிழ்க் குரலை உருவாக்கும் ஆய்வு வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு இனிய குரலானாலும் ‘அவா்கள்’ என்பதை அது சரியாகச் சொல்லாது. பழைய கோப்புகளை மாற்றும் வேலைக்கும், மாற்றியதைக் காதால் மெய்ப்புப் பார்க்கும் பார்வையற்ற பணியாளர்களுக்கு முறையான ஊதியம் தருவதற்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம். பார்வையுள்ள மெய்ப்பாளரால் பிடிக்கவே முடியாத பிழைகள் இவை.

வாசகி செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோப்பைத் திறந்து, தேடல் பெட்டியில் ‘அவர்’ என்று தட்டச்சு செய்து பார்க்கட்டும். கண்முன் பத்து ‘அவர்’ இருந்தும் ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால், உள்ளே இருப்பது வேறு எழுத்து. அது துணைக்காலும் புள்ளியுமாக இருந்தால், கோப்பு முழுவதும் ஒரேயடியாக ‘ர்’ என்று மாற்றிவிடலாம்; துணைக்காலின் மேல் புள்ளி வரும் சொல் தமிழில் கிடையாது. ‘கௌ’வுக்கும் அதன் இனத்துக்கும் அந்தத் துணிச்சல் கூடாது. ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருக்கிறதா என்று பார்க்காமல் மாற்றினால், ‘வெள்ளம்’, ‘தெளிவு’, ‘கெளுத்தி’ எல்லாம் உடைந்து போகும்.