பிணைப்பு: 'லிங்கேஜ்' என்ற சொல்லின் கதை

நீலகிரியில் இரத்தப் பரிசோதனை முகாம் என்றால், சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரைத் தன்மையான சிக்கிள் செல் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. இங்குள்ள பழங்குடி மக்களிடம் அந்தத் தன்மை இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷ்ஷும் 1952-இலேயே பதிவு செய்துவிட்டார்கள். கூடவே ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடும் பேச்சில் வரும். அது பிள்ளைகளுக்கு எப்படி வருகிறது என்று கேட்டால், "எக்ஸ் லிங்க்டு" என்பார்கள். கேட்டவருக்கு ஒன்றும் விளங்காது.

லிங்க் என்றால் சங்கிலிக் கண்ணி. மரபணுக்கள் வரிசையாக அமைந்த இழைதான் குரோமோசோம். ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போவதுதான் லிங்கேஜ். ஸ்வீட் பீ என்ற பூச்செடியில் ஆங்கிலேய விஞ்ஞானி பேட்சன் குழுவினர் 1905-இல் இதைப் பார்த்தார்கள், காரணம் பிடிபடவில்லை. பழ ஈயை வைத்துக் குரோமோசோமோடு பொருத்திக் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி மார்கன். சுண்டெலியில் முதலில் காட்டியவர்கள் ஹால்டேன், அவர் தங்கை நவோமி, நண்பர் ஸ்ப்ரன்ட். கட்டுரை 1915-இல் வந்தபோது ஸ்ப்ரன்ட் போரில் இறந்துவிட்டிருந்தார்.

நம் பாடநூல்கள் இதைப் 'பிணைப்பு' என்கின்றன. மிகச் சரியான சொல். களத்தில் கதிர் மிதிக்க மாடுகளைச் சேர்த்துக் கட்டுவதற்குப் பிணையல் என்று பெயர். ஒரு மாடு போகும் பக்கம்தான் மற்றதும் போகும், கயிறு அறுந்தால் ஒழிய. மரபணுக்களிலும் அந்தக் கயிறு சில சமயம் அறும். அதற்குக் குறுக்கேற்றம் என்று பெயர்.

இந்த அறுதலை எண்ணித்தான் சுண்டெலியின் நொதி மரபணுக்களுக்கு இடம் குறித்தார்கள். ஜிபிஐ என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தை மாவுப்பசைக் கூழில் வைத்து மின்சாரம் பாய்ச்சிச் சாயமூட்டினால், நொதி நின்ற இடத்தில் மட்டும் ஊதாப் பட்டை தெரியும். கறுப்புச் சுண்டெலியான சி57 வகைக்கும் வெள்ளைச் சுண்டெலியான பால்ப்-சி வகைக்கும் பட்டை வேறு வேறு இடத்தில் நிற்கும். இரண்டையும் கலந்து பிறந்த குட்டிக்கு மூன்று பட்டை! இந்த நொதி இரண்டு துண்டு சேர்ந்தது, அதனால் நடுவில் ஒரு கலப்புப் பட்டை.

சரி, அந்தக் கலப்புக் குட்டியை மறுபடியும் வெள்ளையோடு சேர்க்க வேண்டும். வெள்ளை நிற மரபணுவுக்கும் ஜிபிஐ மரபணுவுக்கும் பிணைப்பு இல்லையென்றால் வெள்ளைக் குட்டிகளில் பாதிக்கு ஒரு பட்டை, பாதிக்கு மூன்று. ஆனால் வெள்ளைக் குட்டிகளில் பெரும்பாலானவை ஒற்றைப் பட்டையோடுதான் பிறக்கின்றன. ஆகவே வெள்ளை நிற மரபணு உள்ள 7-ஆம் குரோமோசோமில்தான் ஜிபிஐ மரபணுவும் இருக்கிறது. சுண்டெலிக்கு மொத்தம் 20 இணை குரோமோசோம்கள். இப்படியே ஒவ்வொரு நொதிக்கும் இடம் தேடினார்கள்.

'எக்ஸ் லிங்க்டு' என்பதில் 'லிங்க்டு' வேறு பொருளில் வருகிறது. அங்கே இரண்டு மரபணுக்களின் உறவு பேசப்படவில்லை, ஒரு மரபணு எக்ஸில் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் அதைப் பிணைப்பு என்று சொல்லாமல், 'எக்ஸ் குரோமோசோமில் உள்ளது, அம்மா வழியாக மகனுக்கு வரும்' என்றே முகாமில் சொல்லலாம். சுண்டெலியிலும் ஜி6பிடி மரபணு எக்ஸில்தான் இருக்கிறது.

என்சைமுக்கு நொதி, ஜீனுக்கு மரபணு என்பவை நிலைத்துவிட்டன. குரோமோசோமுக்கு நிறப்புரி என்ற சொல் உண்டு, இலங்கையில் நிறமூர்த்தம் என்பார்கள். இரண்டையும் பழகிக்கொள்ளலாம். குரோமோசோமில் மரபணுக்களுக்கு இடையிலான தூரத்தைச் சொல்லும் அலகான சென்டிமார்கனை மட்டும் பெயர்க்க வேண்டாம், அது மார்கனின் பெயர்.